குளிர்த்திக்கு முந்திய பிளவு: சுடுமண் கண்ணகி ஒன்றின் ஆக்கமும் பிழையும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரைக் கிராமம் ஒன்றில், பெண்கள் கூடியிருந்து பன்புல்லால் பாய் இழைக்கும் கட்டடத்தின் விறாந்தையில் அந்த உருவம் இருக்கிறது. உயரம் 124 சென்ரிமீற்றர். நான்கு துண்டுகள், மொத்தம் 103 கிலோ. வீட்டு வாசற்படியில் இருக்கும் பெண். முழங்கால்கள் சற்று அகன்றிருக்கின்றன, இரண்டு உள்ளங்கைகளும் மடியில் மேல்நோக்கி விரிந்திருக்கின்றன. நனைந்த கூந்தல் வலத்தோளில் ஒட்டிக் கிடக்கிறது. இமை தாழ்ந்திருக்கிறது. இடப்பக்க மார்பில் சேலை தட்டையாகப் படிந்திருக்கிறது. அந்தப் பக்கத்து அக்குளில் தொடங்கி இடுப்பு நோக்கி 31 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு இறங்குகிறது.

பார்ப்பவர்கள் முதலில் கேட்பது அந்தக் கோட்டைப் பற்றித்தான். அது சூளையில் விழுந்த பிளவு. விழுந்த காரணத்தைச் சூளையில் மட்டும் தேடினால் பாதிதான் அகப்படும். மீதிப் பாதி, எந்தக் கண்ணகியைச் செய்வது என்று முதல் நாள் எடுத்த முடிவில் கிடக்கிறது.

எந்தக் கண்ணகி

பொதுவெளியில் கண்ணகி என்றதும் பலருக்கும் தோன்றுவது சென்னை மெரினாச் சிலைதான். 1968இல் நிறுவப்பட்டு, 2001 டிசெம்பரில் அகற்றப்பட்டு, 2006 ஜூனில் திரும்பி வந்த சிலை அது. விரிந்த கூந்தல், கையில் சிலம்பு, நியாயம் கேட்டு நிற்கும் நிலை. அவள் இன்னும் அரசவையிலேயே நிற்கிறாள்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் கதை அந்த இடத்தோடு நிற்பதில்லை. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், வந்தாறுமூலை என்று கோயிலுக்குக் கோயில் வைகாசியில் திருக்கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, கண்ணகி கதையான வழக்குரை படித்து, கடைசியில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடிச் சடங்கை முடிப்பார்கள். ஊரை எரித்து வந்தவளின் வெக்கையைத் தணிப்பது ஊராரின் பொறுப்பு. மழை, அம்மை நோய், வயல் விளைச்சல் எல்லாம் அந்தத் தணிப்போடு சேர்ந்தவை. இங்கே அம்மனைக் கும்பிடுகிறவர் அவளுக்குப் பணிவிடையும் செய்கிறார்.

சிலைஞர் மூன்று சிறு களிமண் மாதிரிகள் செய்து வைத்தார், ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். முதலாவது சிலம்பு தூக்கியது. இரண்டாவது இடமுலையைத் திருகும் கணம். மூன்றாவது குளிர்த்தி முடிந்து இருப்பது. பாய் இழைக்கும் பெண்கள் முதல் மாதிரியைக் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவதை யாரோ துணியால் மூடினார்கள். மூன்றாவதைச் சுற்றித்தான் பேச்சு நடந்தது. மார்பைத் திருகி எறிந்தவளுக்கு அந்த இடம் எப்படி இருக்கும்? குழியா, வடுவா, தட்டையா? சிலைஞர் வடு என்றார். மார்புப் புற்றுக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒருவர் அங்கே இருந்தார். "வடு உள்ளுக்க கிடக்கும்கா. வெளியால சீலை தட்டையா விழும், அவ்வளவுதான்" என்றார் அவர். அதோடு வடு கைவிடப்பட்டது. தட்டையாக விழும் சேலை என்று முடிவாயிற்று. இந்த உருவத்தில் சிறந்த முடிவு அதுவே. பின்னால் பிளவுக்கு வழிசெய்ததும் அதுவே.

பீடத்திலும் ஒரு மாற்றம் நடந்தது. மாதிரியில் இருந்தது தாமரை. இந்தக் கரையில் குலமாகிய குடி தாய்வழியாக வருகிறது, வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் உரிமைகூடத் தாயின் குடியைப் பார்த்தே வரும், ஆனால் வண்ணக்கராக இருப்பவர் ஆண். ஆகவே பெண்ணுக்கு ஐயமின்றிச் சொந்தமான இடம் எது என்று கேட்டபோது வாசற்படி என்று வந்தது. தாமரை போய்ப் படி வந்தது. எடை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிலைஞரின் சுவரில் இரண்டு படங்கள் ஒட்டியிருந்தன. ஒன்று, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் தாரா என்னும் பௌத்தப் பெண்தெய்வம். பொன்முலாம் பூசிய வெண்கலம், 143 சென்ரிமீற்றர். இலங்கையின் முன்னாள் ஆளுநர் பிரவுன்றிக் கொடுத்து 1830இல் இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போனது. மற்றது, இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜி சணல் கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டுச் செய்த பெரிய உருவங்களில் ஒன்று. யக்ஷி, தேவி என்று பெயர் வைத்தாலும் அவர் கதைக் காட்சி எதையும் காட்டவில்லை. தெய்வத்தன்மை கயிற்றின் பாரத்திலும் மடிப்பிலும் இருந்து வருகிறது. அதைப் பார்த்துப் பன்னிலேயே உருவத்தை இழைக்கலாமா என்றும் யோசித்தார்கள். உப்புக் காற்றிலும் மாரி ஈரத்திலும் விறாந்தையில் பன் பூஞ்சை பிடித்து இற்றுவிடும். சுடுமண்ணே என்றாயிற்று.

மண்

களி வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயலில், மேல்மண்ணை ஒரு முழம் நீக்கி எடுத்தது. வாவியோரக் களி குழைவாக இருக்கும், ஆனால் அதில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று உப்பு. சுட்ட பிறகு வெள்ளையாகப் பூத்து மேற்பரப்பை உதிர்க்கும். பேரியம் காபனேற்று சேர்த்தால் உப்பு அடங்கும் என்று சொல்வார்கள். அது சல்பேற்று வகை உப்பைத்தான் கட்டும், வாவி உப்பாகிய குளோரைட்டை ஒன்றும் செய்யாது. நஞ்சும்கூட. வழி ஒன்றுதான்: களியை நல்ல தண்ணீரில் கரைத்து, அடங்கவிட்டு, மேல்நீரை வடித்து, மறுபடி கரைப்பது. இங்கே மூன்று தரம் செய்தார்கள்.

இரண்டாவது தொல்லை மட்டிச் சிதைவு. ஓட்டுத் துண்டு சூளையில் சுட்ட சுண்ணாம்பாகி, வெளியே வந்ததும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பொரிந்து, மேலிருக்கும் மண்ணைத் தள்ளிவிடும். கரைத்த களியை 1 மில்லிமீற்றர் கண்ணுள்ள வலையில் வடித்தால் பெரும்பாலும் போய்விடும். அப்படியும் படியின் பின்புறத்தில் மூன்று இடத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு பொரிந்தது. பொரியத் தொடங்கிய அன்றே துண்டை முழுதாகத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தார்கள். மிச்சச் சுண்ணாம்பு ஒரேயடியாக நீறி மெத்தென்று அடங்கியது. ஈரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக வாங்கவிட்டால் மாதக்கணக்கில் பொரிந்துகொண்டே இருக்கும்.

கலவை, அளவுப் பாத்திரத்தில்: களி 6 பங்கு, உடைந்த செங்கலை இடித்துச் சலித்த ஓட்டுத்தூள் 2 பங்கு, உமி 1 பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு. ஓட்டுத்தூள் 2 மில்லிமீற்றருக்கு உட்பட்டது. ஏற்கெனவே சுட்டது என்பதால் அது சுருங்காது, சுவருக்குள் எலும்புபோல நிற்கும். உமி எரிந்துபோய் நுண்துளை விடும், ஈரம் வெளியேற வழி கிடைக்கும். பிசைந்த மண் 190 கிலோ, உருவத்தில் போனது ஏறத்தாழ 150 கிலோ. மிச்சத்தை வீணென்று நினைக்கக்கூடாது. அதே மண் கையில் இல்லாவிட்டால் இடையில் எதையும் ஒட்ட முடியாது.

சுருக்கம் பார்க்க, 10 சென்ரிமீற்றர் கோடு கீறிய ஐந்து பட்டைகளை முன்கூட்டியே காயவைத்துச் சுட்டார்கள். கோடு சராசரி 9.1 ஆகியது. ஆகவே 124 வேண்டுமென்றால் 136 கட்ட வேண்டும். மூக்கு, விரல், படியின் விளிம்பு எல்லாவற்றுக்கும் அதே கணக்கு.

கட்டுதல்

சுருள் மேல் சுருளாக ஏற்றும் முறைதான். ஒவ்வொரு சுருளும் கட்டைவிரல் தடிப்பு. கீழ்ச்சுருளின் மேல்முகத்தைக் கீறி, குழைமண் பூசி, மேற்சுருளை வைத்து உள்ளும் வெளியும் இழுத்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு 15 சென்ரிமீற்றருக்கு மேல் ஏற்றவில்லை. ஏற்றினால் அடிச்சுவர் பிதுங்கும். சுவர்த் தடிப்பு எங்கும் 2.5 சென்ரிமீற்றர் என்று விதித்து, உள்ளே ஈர்க்குக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

மண் தோல்போலப் பாதி இறுகித் தோல்பதத்துக்கு வந்தபின் மெல்லிய கம்பியால் நான்காக அறுத்தார்கள்: கால் சேர்ந்த படி, மடியும் இடையும், மார்பும் கைகளும், தலை. வெட்டு சேலை மடிப்பின் ஓரமாகவும் கழுத்து மாலையின் கீழாகவும் ஓடுகிறது. மேல்துண்டு நழுவாதிருக்க, ஒவ்வொரு கீழ்த்துண்டின் உள்விளிம்பிலும் 2 சென்ரிமீற்றர் உயர உதடு வைக்கப்பட்டது. சுட்டபின் படி 42 கிலோ, மடி 27, மார்பு 24, தலை 10. இருவர் தூக்கக்கூடிய பாரம்.

தட்டை மார்பு இப்படித்தான் செய்யப்பட்டது. முதலில் இரு பக்கமும் ஒரே வளைவாகச் சுருள் ஏற்றி, பிறகு இடப்பக்கத்தை உள்ளங்கையால் வெளியிலிருந்து அமுக்கினார் சிலைஞர். கைரேகை தெரிய வேண்டும் என்பது எண்ணம், தெரிகிறது. அமுக்கியதில் சுவர் உள்ளே தொய்ந்தது. தாங்குவதற்கு உட்புறத்தில் இரண்டு கைப்பிடி மண் அப்பினார். அந்த இடத்தில் சுவர் 4.5 சென்ரிமீற்றர் ஆயிற்று. சுற்றிவர 2.5. இடைப்பட்ட படிவு ஒரு விரலகலத்தில் சட்டென்று இறங்கியது. ஈர்க்குக் குத்திப் பார்க்கும் வேலை அன்றைக்கு மட்டும் நடக்கவில்லை.

அப்பிய மண்ணைத் தோல்பதத்தில் உள்ளிருந்து கரண்டியால் சுரண்டியிருந்தால் போதும். அல்லது அப்பாமல், உள்ளே பழந்துணிப் பொட்டலம் வைத்துத் தாங்கி, மண் இறுகியபின் எடுத்திருக்கலாம். தட்டையான சுவருக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. வளைந்த சுவர் சுருங்கும்போது தன்னைத் தானே தாங்கும், தட்டைச் சுவர் தாங்காது. மார்பு வளைவை எடுத்துவிட்டுத் தட்டையாக்கும் எவரும் அந்தப் பலத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார். ஆகவே தட்டைப் பகுதிக்குப் பின்னால் தடிப்பு ஒருபோதும் கூடக்கூடாது. வேண்டுமானால் மெல்லிய விலாக் கம்புபோல இரண்டு மண் வரம்பு போடலாம்.

காயவைத்தது ஐந்து வாரம். இடையில் சித்திரை கடந்து கச்சான் தொடங்கியது. மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று பட்ட பக்கம் முந்திக் காய்ந்து சுருங்கும், மறுபக்கம் ஈரமாகவே நிற்கும், துண்டு கோணும். ஈரச் சாக்கு, அதன்மேல் பொலித்தீன், இரண்டு நாளுக்கொருமுறை துண்டைக் கால்வட்டம் திருப்பி வைப்பது என்று சமாளித்தார்கள். காய்தலில் ஒரு விரிசலும் வரவில்லை.

சூளை

உள்விட்டம் ஒன்றரை மீற்றர், வட்டமானது, கீழே தீ, மேலே துண்டுகள், உச்சியில் ஓட்டுச் சில்லும் தகரமும் மூடிய சாதாரணச் சூளை. செங்கல் வேலை நடக்கும் காணி ஒன்றில் கட்டியது. சூளைவாய் இரண்டு, ஒன்று கிழக்கே, மற்றது மேற்கே. மேற்கே வைத்தது தவறு என்பதைக் கச்சான் காலத்தில் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனால் காணியில் விறகு அடுக்க இடம் அந்தப் பக்கம்தான் இருந்தது. விறகு ஏறத்தாழ 900 கிலோ: சவுக்கு, தென்னம் மட்டை, தொடக்கத்துக்குத் தேங்காய் உரிமட்டையாகிய பொச்சு.

சூடு அளக்கும் கே வகை வெப்ப இணைக்கம்பி ஒன்றை மார்புத் துண்டின் மட்டத்தில் செருகி, அரை மணிக்கொருமுறை கொப்பியில் எழுதினார்கள். அந்தக் கொப்பி இருந்தபடியால்தான் இந்த ஆய்வு சாத்தியமாயிற்று. விடிய 4 மணிக்குத் தீ மூட்டி, பிற்பகல் 2 வரை 120 பாகையைத் தாண்டவிடவில்லை. சூளையில் துண்டு வெடிப்பதற்கு மண்ணுக்குள் அடைபட்ட காற்றைக் குறை சொல்வது வழக்கம். வெடிக்கவைப்பது காற்றல்ல, தண்ணீர். ஆவியாகி வெளியேற வழி கிடைக்குமுன் சூடு ஏறினால் துண்டு சிதறும். ஆகவே அந்தப் பத்து மணி நேரத்தில் அவசரப்படவில்லை. இரவு 9க்கு 600, பின்னிரவு 2க்கு 860, ஒரு மணி நேரம் அதே சூட்டில் பிடித்து 3 மணிக்கு வாய்களைச் செங்கல் வைத்துச் சேறு பூசி அடைத்தார்கள். இதுவரை எல்லாம் ஒழுங்கு.

இப்படிப்பட்ட சூளையை மூன்று நாளைக்குத் தொடக்கூடாது. ஊர்க்கோயிலில் கதவு திறக்க இன்னும் ஐந்து நாளே இருந்தது. உருவத்தை அதற்குமுன் விறாந்தையில் வைத்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. அன்று முற்பகல் 11 மணிக்கு, சூடு 640 பாகையில் நின்றபோது, "வேகமா ஆறட்டும்" என்று மேற்கு வாயைத் திறந்து உச்சித் தகரத்தையும் நகர்த்தினார்கள். கொப்பியில் அடுத்த குறிப்பு 11.30: 545. அதற்கடுத்தது, அரை மணி ஆகுமுன்பே, 11.50: 480.

573 பாகையில் மண்ணிலுள்ள குவாட்ஸ் மணல் தன் அமைப்பை மாற்றிச் சட்டென்று சுருங்கும். மெதுவாகக் கடந்தால் சுவர் முழுவதும் ஏறத்தாழ ஒன்றாகச் சுருங்கிவிடும். இங்கே கச்சான் நேரே உள்ளே அடித்தது. 2.5 சென்ரிமீற்றர் சுவர் அந்தப் புள்ளியைக் கடந்து சுருங்கிவிட்டது, 4.5 சென்ரிமீற்றர் இன்னும் உள்ளே சூடாக, சுருங்காமல் நின்றது. இரண்டும் சந்திக்கும் விரலகலத்தில் மண் கிழிந்தது.

பிளவைப் படித்தல்

துண்டுகளை எடுத்து விரல் முட்டியால் தட்டினார்கள். மூன்று 'ணங்' என்றன, மார்பு 'தொப்' என்றது. கோடு மேலே 1.5 மில்லிமீற்றர் அகலம், கீழே மயிரளவு.

காய்தலில் வந்த பிளவா, ஆறும்போது வந்ததா என்பதைக் கண்ணாலேயே பிரிக்கலாம். காய்தல் பிளவு வாய் அகன்றிருக்கும், ஓட்டுத்தூள் மணிகளைச் சுற்றி வளைந்து போகும், விளிம்பு மழுங்கியிருக்கும். ஆறுதல் பிளவு கத்தி விளிம்புபோலக் கூர்மையானது, மணிகளையும் ஊடறுத்துக்கொண்டு நேராகப் போகும், உள்முகத்தில் புகைக்கறை இராது. இந்தக் கோட்டை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது செங்கல் மணிகள் பாதி பாதியாக வெட்டுண்டு தெரிந்தன.

அம்மன் தானே கீறிக்கொண்டாள் என்று பேச்சு எழுந்தது. இடமார்பில், குளிர்த்திக்கு முன், ஆறவிடாத அவசரத்தில் வந்த பிளவு: பொருள் கற்பிக்கக் கை துறுதுறுக்கும் எவருக்கும் இதைவிட வாய்ப்பான இடம் கிடையாது. அப்படி எழுதிவிட்டால் அடுத்த சூளையையும் எட்டு மணி நேரத்தில்தான் திறப்பார்கள். இடமார்பில் பிளந்தது அங்கே தடிப்பு மாறியதால். தடிப்பு மாறியது கதையின்படி அங்கே தட்டையாக்கியதால். தொன்மத்துக்கும் பிளவுக்கும் உள்ள உறவு அவ்வளவே, அதுவும் கைவேலை வழியாக வந்த உறவு.

பழுது பார்த்தல்

மறுபடி சுட்டால் பிளவு மூடாது, இன்னும் திறக்கும். புதிதாக மார்பு செய்ய மண் இருந்தது, ஆனால் ஐந்து வாரமும் இன்னொரு சூளையும் வேண்டும். ஒட்டுவதென்று தீர்மானித்தார்கள்.

உட்புறத்தில் பிளவுக்குக் குறுக்காக மூன்று காடிகள், ஒவ்வொன்றும் 1 சென்ரிமீற்றர் ஆழம். ஒவ்வொன்றிலும் 4 மில்லிமீற்றர் தடிப்பும் 60 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட துருவேறா உருக்குக் கம்பி, 316 தரம், எப்பொக்சிப் பசையில் பதித்தது. சாதாரண இரும்புக் கம்பி கடற்கரைக் காற்றில் துருவேறிப் பருத்து மண்ணைப் பிளக்கும். வெளிப்புறத்தை எப்பொக்சியால் நிரப்பவில்லை. அது சுடுமண்ணைவிட வலிது, ஈரத்தையும் விடாது. அங்கே நிரப்பியது நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, மாவாக அரைத்த செங்கல் 2 பங்கு. சுண்ணாம்பும் செங்கல் மாவும் ஈரமிருந்தால்தான் சேர்ந்து இறுகும் என்பதால் ஏழு நாள் ஈரச் சாக்கின் கீழ் வைத்தார்கள்.

செங்கல் மாவைக் கூட்டினால் கோடு மறைந்திருக்கும். மறைப்பதா என்று பெண்களிடம் கேட்கப்பட்டது. பாய் பொத்தினால் பொத்தினது தெரியத்தானே வேணும் என்றார் ஒருவர். கடைசிப் பூச்சில் வெறும் சுண்ணாம்பு போட்டார்கள், வெள்ளையாயிற்று. கதவு திறக்கும் நாள் அதற்குள் போய்விட்டது.

இருத்துதல்

துண்டுகள் வைக்கோல் மெத்தையில் லான்ட்மாஸ்டர் என்னும் இருசக்கர உழவியந்திரத்தில் மண்முனைப் பாலம் வழியாக வந்தன. 2014இல் பாலம் திறக்குமுன் என்றால் வாவியைக் கடக்கும் மிதவையாகிய பாதையில் ஏற்றி இறக்கியிருக்க வேண்டும், 42 கிலோப் படி பிழைத்திருக்குமோ தெரியாது.

நடுவே ஒரு துருவேறா உருக்குக் குழாய் கொங்கிறீற்றில் ஊன்றி, துண்டுகளை அதன்மேல் கோத்து இறக்கினார்கள். குழாய் மண்ணில் எங்கும் படாதபடி 5 சென்ரிமீற்றர் இடைவெளி. உதட்டில் பழைய சைக்கிள் ரியூப் வெட்டி வைத்தது, பாரம் ஒரு புள்ளியில் விழாமலிருக்க. உள்ளே கொங்கிறீற்று நிரப்பினால் உறுதியாயிருக்கும் என்று மேசன் வற்புறுத்தினார். நிரப்பினால் சீமெந்தின் உப்பும் ஈரமும் சுடுமண் வழியாகத்தான் வெளியேறும், தோல் உரியும். வெறுமையாகவே விட்டு, படியின் அடியில் 12 மில்லிமீற்றர்த் துளை இரண்டு வைத்தார்கள். எனாமல் பூச்சும் அதே காரணத்தால் வேண்டாம் என்றாயிற்று.

இது கோயில் உருவமா என்ற கேள்வி வந்தது. அம்மன் கோயில் பூசகரான ஊர்க் கட்டாடியார் வந்து பார்த்துவிட்டு, கண் திறக்கவில்லையே, பிறகென்ன என்றார். இமை தாழ்த்திச் செய்தது அதற்காகத்தான். இருந்தும் அடுத்த வெள்ளியே விரிந்த உள்ளங்கையில் வேப்பிலை கிடந்தது. மஞ்சள் நீர் ஊற்றுகிறார்கள். மெருகிடாத மண் மஞ்சளைக் குடித்துவிடும், இனிப் போகாது. அதைத் தடுக்க யாரும் முயலவில்லை. பராமரிப்புக் குறிப்பு மட்டும் சுவரில் எழுதியிருக்கிறது: மழைத்தண்ணீர், தும்புத் தூரிகை, சவர்க்காரம் வேண்டாம், அசிற் தொடவே கூடாது, மாரி முடிந்ததும் துளைகளில் ஈர்க்கு விட்டுப் பார்க்க வேண்டும்.

பிளவின் இருபுறமும் மூன்று இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, இடைத்தூரம் அளந்து அதே கொப்பியில் குறித்திருக்கிறார்கள்: 20.0, 20.0, 20.5 மில்லிமீற்றர். ஒரு மாரியும் ஒரு கச்சானும் கடந்து மறுபடி அளந்தபோது மேலிரண்டும் அப்படியே இருந்தன. கீழ்ப்புள்ளி 20.5 என்றிருந்தது 20.7 ஆகியிருக்கிறது. அடுத்த வைகாசிக்கு முன் அந்த இடத்தில் உள்ளே நாலாவது கம்பி ஒன்று வைக்க வேண்டும்.